பத்து பேர்ச் காணியில் முதலில் என்ன செய்வது?

சில மாதங்களுக்கு முன், ஹப்புத்தளைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்தில், புதிதாகக் காணி அளந்து கொடுக்கப்பட்ட குடும்பம் ஒன்று தங்கள் காணியை மந்திரிக்க என்னை அழைத்தது. நான்கு மூலையிலும் முளை அடித்து நைலோன் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குள் பழைய தேயிலைத் தூர்களும் மானாப்புல்லும் ஒரு பெரிய கல்லும் இருந்தன. ஜெபம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பேச்சுத் தொடங்கியது. பாதையோரம் சின்னதாக ஒரு கடை போடவேண்டும் என்றார் தகப்பன். கொழும்பில் வேலை செய்யும் மூத்த மகன், தனக்குக் கல்யாணம் ஆனதும் இருக்க ஓர் அறை வேண்டும் என்றான். பாட்டிக்கு ஒரு பசு வேண்டும். அந்த வீட்டுத் தாய் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

"சாமி, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார் தகப்பன்.

நான் அந்தத் தாயைப் பார்த்து, "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "மழை பேஞ்சா மேல இருந்து தண்ணி எந்தப் பக்கமா வரும்னு பாத்துட்டுப் பேசலாம் சாமி" என்றார்.

அன்று அங்கே பேசப்பட்டவற்றுள் மிகவும் அறிவான பேச்சு அதுதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். காணி கிடைத்த எமது மக்கள் அதை எப்படிப் பயன்படுத்தப் போகிறார்கள், யார் அதைத் தீர்மானிக்கப் போகிறார்கள் என்பதைப் பற்றி இப்பக்கங்களில் மனந்திறந்து பேசவேண்டிய காலம் இது.

கையளவு காணி

மலையக மக்களுக்குக் காணி என்பது புதிய அனுபவம். 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, எமது மூதாதையர் வந்து 200 வருடங்கள் ஆனதை 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தோம். அந்த 200 வருடங்களில் பெரும்பகுதியை நாம் லயத்துக் காம்பராவில் கழித்தோம். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறிப் பாத்திகூட துரையின் அனுமதியில்தான் இருந்தது. அந்த இடத்தில் தேயிலை நட நினைத்தால் பாத்தி போய்விடும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவர்களாக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. தொழிலாளருக்குக் காணி வரவில்லை. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் அவர்களுக்குத்தான் எழுதப்பட்டது. தொழிலாளி வழக்கம்போலக் காம்பராவிலேயே இருந்தார்.

தனி வீட்டுக்கென ஏழு பேர்ச் என்ற கணக்குப் பின்னர் வந்தது. இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் இந்தப் பேச்சைப் பெரிதாக்கின. இப்போது பத்து பேர்ச் என்று பேசுகிறோம். 2025 அக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில் ஏறக்குறைய 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைக்கான பத்திரங்கள் வழங்கப்பட்டன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இன்னும் லயத்தில் இருப்பவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் இது தொடக்கம் மட்டுமே.

இனி அளவைப் பார்ப்போம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல். ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,905 சதுர அடி; பத்து பேர்ச் என்றால் சுமார் 2,722 சதுர அடி. சதுரமாக அளந்தால் பத்து பேர்ச்சின் ஒரு பக்கம் 52 அடி மட்டும். அதில் வீட்டுக்கு 550 சதுர அடி போகிறது. மலைச்சரிவில் இடத்தை மட்டப்படுத்த மேற்பக்கம் வெட்டிய மண்சுவர், அதன் அடியில் தண்ணீர் ஓட ஒரு கான், கழிவறையும் அதன் குழியும், துணி துவைக்க ஓர் இடம், நடைபாதை, முற்றம் என்று ஒவ்வொன்றாகக் கழித்தால், எமது கணக்கில் மிஞ்சுவது 1,300 சதுர அடி அளவில்தான் இருக்கும். அதாவது ஐந்து பேர்ச்சுக்கும் குறைவு. கடை, அறை, பசு, தோட்டம் என்று மேலே சொன்ன எல்லா ஆசைகளும் இந்த ஐந்து பேர்ச்சுக்குள் போட்டியிடுகின்றன.

காணி சிறிதாக இருப்பதால் தீர்மானமும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய காணிக்காரர் ஒரு மூலையில் தவறு செய்தால் மறு மூலையில் திருத்திக்கொள்ளலாம். ஐந்து பேர்ச்சில் முதலில் வைக்கும் கல்லும் முதலில் நடும் மரமும் இருபது வருடங்களுக்கு அங்கேயே இருக்கும்.

முதலில் தண்ணீர்

ஊவாவில் இருப்பவர்களுக்கு மண்சரிவைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்றவேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. மாற்றுக் காணி உரிய நேரத்தில் வரவில்லை. சரிவுக்குப் பின் இரண்டு வருடம் கழித்து, 2016 அக்டோபரில், 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்தபோது, நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் பதுளையும் ஒன்றாயிற்று.

ஆகவே ஊவாவில் காணியைப் பற்றிய முதல் கேள்வி, மழைத்தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதே. எதை நடுவது, எதைக் கட்டுவது என்பவை அதன் பிறகு.

வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை நட்டவர்கள் இதை அறிந்திருந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே சம மட்டத்தில் சிறு கான்கள் வெட்டி, அவற்றைச் சரிவோடு இறங்கும் பெரிய கான்களில் சேர்த்து, தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கான்களை வெட்டியவர்கள் எமது பாட்டன்மார். இன்று காணி அளக்கும் கயிறு அந்தக் கான்களின் மேலாகவே போகிறது. ஒரு குடும்பம், "இது என் காணிக்குள் இருக்கிற பள்ளம்தானே" என்று மண் போட்டு நிரப்பி இரண்டடி இடம் கூட்டிக்கொள்கிறது. அடுத்த குடும்பம் அதில் குப்பையைப் போடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை வரும்போது தண்ணீர் பழைய வழியைத் தேடுகிறது. வழி இல்லையென்றால் மண்ணுக்குள் இறங்குகிறது. ஊறிக் கனத்த மண் ஒரு நாள் இரவில் நகர்கிறது. கானை மூடியவரின் வீடு தப்பிக்கொள்ளும். கீழே இருப்பவரின் வீடு போய்விடும்.

கழிவறைக் குழியும் அப்படித்தான். குடிதண்ணீர் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறோம். காணியின் ஒரு பக்கமே 52 அடி என்றால், என் காணிக்குள் மட்டும் இருந்துகொண்டு இந்த விதியைக் காப்பாற்ற முடியாது. என் குழியைப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசித்தான் வெட்டவேண்டும். மேல் வரிசையின் குழிகள் கீழ் வரிசையின் பீலிக்கு மேலே வந்துவிடக் கூடாது.

இதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: காணி தனி, சரிவு பொது. பத்து பேர்ச் என் பெயரில் இருக்கலாம். அதன் தண்ணீரும் மண்ணும் எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. எனவே வேலி போடுவதற்கு முன், ஒரே சரிவில் காணி பெற்ற பத்துக் குடும்பங்களோ இருபது குடும்பங்களோ ஒன்றாக நடந்து பார்க்கவேண்டும். மழை பெய்யும் நாளில் குடையோடு நடந்தால் இன்னும் நல்லது. எந்தக் கான் எங்கே போகிறது, எது பொதுக் கான், அதை யார் எப்போது துப்புரவு செய்வது என்பதை அன்றே பேசி எழுதிக்கொள்ளவேண்டும். வீடு கட்டுமுன் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்டு வாங்குவது எமது உரிமை. அதைத் தொல்லையாக நினைப்பவர்கள் மீரியபெத்தையை நினைத்துக்கொள்ளவேண்டும்.

இன்னும் இரண்டு காரியங்கள் காசில்லாமல் செய்யக்கூடியவை. இடத்தை மட்டப்படுத்த பெக்கோ வரும்போது, மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குத் தனியாக அள்ளி ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அதை மற்ற மண்ணோடு சேர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டால், பின்னர் கல்லும் சிவப்பு மண்ணுமான இடத்தில் கீரை முளைக்கவில்லை என்று வருந்துவோம். இரண்டாவது, ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு மழைமானி வைத்து யாராவது ஒரு பிள்ளை தினமும் பார்த்து எழுதட்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராகவேண்டும். 150 என்றால் வெளியேறிவிடவேண்டும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்துபோகும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது.

கடையா, அறையா, பசுவா, தோட்டமா?

தண்ணீரின் வழி தீர்ந்த பிறகு ஆசைகளுக்கு வருவோம். எந்த ஆசையும் தவறானதல்ல. ஒவ்வொன்றுக்கும் உள்ள கணக்கைப் பார்க்கவேண்டும்.

கடை: ஒரு வரிசையில் ஒரு கடை நடக்கும். நான்கு வீட்டுக்கு ஒரு கடை வந்தால் எல்லாக் கடைகளிலும் கடன் கொப்பிதான் நிறையும். பாதையோரத்தில் உள்ள காணிக்காரருக்கு இருக்கும் வாய்ப்பு உள்ளே இருப்பவருக்கு இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

அறை: மகனுக்கு இடம் இல்லாவிட்டால் அவன் திரும்பி வரமாட்டான் என்ற தாய் தகப்பனின் பயம் உண்மையானது. லயத்தில் நாம் பழகிய வழியும் அதுதான். குடும்பம் பெருகினால் முன்னாலும் பின்னாலும் ஒரு தகரக் கூரை இறங்கும். ஆனால் முதல் மகனுக்கு ஓர் அறை, இரண்டாவது மகனுக்கு ஓர் அறை என்று போனால், பத்து வருடத்தில் தனி வீடு மறுபடியும் லயமாகிவிடும். காற்றும் வெளிச்சமும் கானும் போய்விடும். அறை கட்டத்தான் வேண்டுமென்றால், எந்த இடத்தில் என்பதை முதல் நாளே ஒதுக்கி வையுங்கள். அந்த இடத்தில் அதுவரை கீரையும் போஞ்சியும் போடலாம், மரம் நடவேண்டாம். மேல்மாடி எழுப்ப நினைப்பவர்கள் அத்திவாரம் தாங்குமா என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டே தொடங்கவேண்டும்.

பசு: பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. ஆனால் பசு பத்து பேர்ச்சில் நிற்கலாம், பத்து பேர்ச்சில் மேய முடியாது. ஒரு கறவைப் பசுவுக்குத் தினமும் நாற்பது ஐம்பது கிலோ பச்சைப்புல் வேண்டும். அந்தப் புல் தோட்டத்தின் ஓடைக்கரையிலும் பாதையோரத்திலும் இருந்துதான் வருகிறது. ஆகவே பசு வைப்பவர் புல் வெட்டும் அனுமதியையும் சேர்த்தே கேட்கவேண்டும். கொட்டிலின் கழிவு கீழ் வீட்டு முற்றத்துக்குப் போகாமல் ஓர் எருக்குழியில் சேரவேண்டும். மாடு வைத்திருப்பவரின் எரு, தோட்டம் போடுகிறவருக்குப் பொன். இரண்டு பேரும் அயலவராக இருந்து பேசிக்கொண்டால் இருவருக்கும் நன்மை.

தோட்டம்: இதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஐந்து பேர்ச்சில் அரிசி விளையாது, கறிக்கு விளையும். 2021இல் இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்டதையும், 2022இல் சாமான் விலை ஏறி வீடுகளில் ஒரு வேளை சாப்பாடு குறைந்ததையும் நாம் மறக்கவில்லை. அப்போது நாட்டில் எல்லாரையும் வீட்டுத்தோட்டம் போடச் சொன்னார்கள். லயத்தில் இருப்பவர் எங்கே போடுவது? வெலிமடைச் சந்தைக்கு மரக்கறி போகும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, மரக்கறி வாங்க முடியாமல் இருந்தவர்கள் எமது மக்கள். ஒரு தாய் வீட்டுக்குப் பின்னால் போய்க் கை நிறையக் கீரை பறித்துவர முடிகிற வீட்டில், சம்பளம் பிந்தினாலும் பிள்ளை வெறுஞ்சோறு சாப்பிடாது.

எதை நடுவது என்பதில் உயரத்தைப் பார்க்கவேண்டும். ஹப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில் போஞ்சி, லீக்ஸ், கோவா, சவ்சவ் நன்றாக வரும். பசறை, லுணுகலைப் பக்கம் இறங்கினால் வாழை, பப்பாசி, முருங்கை, மிளகு வரும். ஆடி, ஆவணியில் அடிக்கும் கச்சான் காற்றில் பாத்தி காய்ந்துவிடும். துவைத்த தண்ணீரையும் கழுவிய தண்ணீரையும் திருப்பிவிட வழி செய்தவர்தான் அந்த மாதங்களில் பச்சை பார்ப்பார். வெட்டிய மண்சுவரைச் சும்மா விடாமல், அதன் விளிம்பில் மானாப்புல்லோ வேறு புல்லோ நெருக்கமாக நடவேண்டும். பலா, பட்டர்புருட் போன்ற பெரிய மரங்களில் கவனம் வேண்டும். 52 அடிக் காணியில் ஒரு பெரிய மரத்தின் நிழல் பாதியை மூடிவிடும். விழுந்தால் அயலவர் கூரையில்தான் விழும். ஒரு சரிவுக்குப் பொதுவான இடத்தில் நான்கு பலா நட்டுப் பகிர்ந்துகொள்வது, ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று நட்டுச் சண்டை போடுவதைவிட மேலானது.

வீட்டுக்குள் யார் தீர்மானிப்பது?

காணியைப் பற்றிப் பேச ஆண்கள் வருகிறார்கள். காணியில் வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள். காலையில் கொழுந்துக்குப் போய், மாலையில் வந்து தண்ணீர் தூக்கி, விறகு சேர்த்து, பிறகு பாத்திக்குத் தண்ணீர் விடுகிறவர் யார் என்பது எமக்குத் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கமாக வரும் என்பதை அந்தத் தாய் அறிந்திருந்ததற்குக் காரணம், அந்தச் சரிவில் வருடக்கணக்கில் மழையோடு கொழுந்து பறித்ததுதான்.

ஆகவே இரண்டு காரியங்களை நான் வற்புறுத்துவேன். காணி உறுதி கணவன், மனைவி இருவரின் பெயரிலும் இருக்கவேண்டும். குடும்பத் தலைவர் என்ற ஒரு கோட்டில் ஒரே பெயரை எழுதும் பழக்கத்தை உத்தியோகத்தர்கள் விடவேண்டும். எழுதும்போது நாமும் கேட்கவேண்டும். அடுத்தது, காணியை ஈடு வைப்பதும் விற்பதும் இருவரின் கையெழுத்தும் இல்லாமல் நடக்கக் கூடாது. சிறுகடன் வாங்கி, வாரந்தோறும் கட்ட முடியாமல் தவித்த பெண்களை நாம் கண்டிருக்கிறோம். உறுதி கையில் வந்ததும் அதை ஈடாகக் கேட்டு வருகிறவர்களும் வருவார்கள். எல்லை, பண்டாரவளைப் பக்கங்களில் உல்லாசப் பயணிகளுக்காக இடம் தேடுகிறவர்கள் நல்ல விலையும் சொல்வார்கள். விற்கவே கூடாது என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை; உரிமை என்றால் விற்கும் உரிமையும் அதில் அடங்கும். ஆனால் ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டதும் ஒரு கீரைத் தோட்டம் போடத்தான் என்பதை நாம் ஞாபகத்தில் வைத்திருப்போம். ஏழையின் காணியைப் பெரியவர்கள் கேட்கும்போது எப்போதும் ஒரு நல்ல காரணத்தோடுதான் கேட்பார்கள்.

நாம் செய்த தவறு

மற்றவர்களைக் குறை சொல்லுமுன் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடங்களுக்கு முன், நான் பொறுப்பாக இருந்த ஒரு சிறு திட்டத்தில், புதிதாக வீடு பெற்ற முப்பது குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்டம் அமைக்க உதவினோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஐந்து பழமரக் கன்றுகள், ஒரே விதைப் பொட்டலம், ஒரே படம். கன்று எங்கே வரவேண்டும் என்று நாமே சுண்ணாம்பால் குறியிட்டோம். திறப்பு விழாவும் நடந்தது, புகைப்படமும் எடுத்தோம்.

ஒரு வருடம் கழித்துப் போனபோது, பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கன்றுகள் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "ஏன் பிடுங்கினீங்க?" என்று ஒரு தாயிடம் கேட்டேன். "அந்த எடத்துலதான் சாமி மகளுக்கு ஒரு அறை எடுக்கணும்னு இருந்தோம். நீங்க கேக்கல, நாங்களும் சொல்லல" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது.

லயத்தில் எமது மக்களின் ஒவ்வொரு காரியத்தையும் யாரோ ஒருவர் தீர்மானித்தார்: எத்தனை மணிக்குப் பெரட்டு, எந்த மலையில் கொழுந்து, எந்தக் காம்பராவில் குடியிருப்பு. நாங்களும் நல்ல மனதோடு போய், அந்தத் துரையின் வேலையையே செய்துவிட்டோம். பங்கேற்பு அபிவிருத்தி என்று கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்த நான், முப்பது வீடுகளில் ஒரு வீட்டிலும் உட்கார்ந்து கேட்கவில்லை. இன்றைய வீட்டுத்திட்டங்களிலும், கட்சிகளிலும், எமது போன்ற நிறுவனங்களிலும் இந்த ஆபத்து இருக்கிறது. கொடுப்பவர் கை மேலே இருக்கும்வரை, வாங்குபவர் வாய் திறக்கமாட்டார்.

மற்ற இடங்களில் இருந்து

கேரளத்தில் பிறர் காணியில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்கு, 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, கிராமப் பகுதியில் பத்து சென்ட் வரை காணியை வாங்கும் உரிமை கிடைத்தது. பத்து சென்ட் என்றால் எமது கணக்கில் 16 பேர்ச். தென்னையும் கொடிமிளகும் கோழியுமாக அந்தச் சிறு காணிகள் பல குடும்பங்களைத் தாங்கின. ஆனால் அதே கேரளத்தில், தோட்டங்களுக்குக் காணி உச்சவரம்பில் இருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மூணாறு மலையில் லயத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளருக்கு அந்தப் பத்து சென்ட் வரவில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு அங்கே பெட்டிமுடியில் மலை இறங்கியபோது, லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். மீரியபெத்தையும் பெட்டிமுடியும் ஒரே கதை. தனக்கென்று காணி இல்லாதவருக்கு, ஆபத்தான இடத்தை விட்டு எழும்பிப் போக இடமும் இல்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தனாவோவில், 1970களில் ஹெரல்ட் வாட்சன் என்ற பப்திஸ்து போதகரும் அவரோடு இருந்த விவசாயிகளும் சரிவு நிலத்துக்கான ஒரு முறையை உருவாக்கினார்கள். சரிவுக்குக் குறுக்கே சம மட்டத்தில் பருப்புவகைச் செடிகளை இரட்டை வரிசையாக நெருக்கி நட்டு, அவற்றை அடிக்கடி வெட்டி இலையை மண்ணில் போட்டு, இடையில் பயிர் செய்யும் முறை அது. மழை கொண்டுபோகும் மண் அந்த வரிசைகளில் தங்கி, சில வருடங்களில் தானாகவே படி உருவாகிறது. இதற்கு 1985இல் வாட்சனுக்கு மக்சேசே விருது கிடைத்தது. எமது கிளிரிசீடியாவை இதற்குப் பயன்படுத்தலாம். மட்டம் பார்க்க, மூன்று கம்பையும் ஒரு கயிற்றையும் ஒரு கல்லையும் கொண்டு செய்த சட்டம் போதும். அந்த முறையில் எனக்குப் பிடித்தது, ஆராய்ச்சி விவசாயியின் சொந்தச் சரிவில் நடந்தது என்பதுதான்.

என்ன செய்யலாம்?

காணி கிடைத்த குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் மண்வெட்டி விழுமுன் ஒரு மழைக்காலம் பொறுக்க முடிந்தால் பொறுங்கள். முடியாவிட்டால், ஒரு மழை நாளாவது நின்று பாருங்கள். பிறகு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, ஒரு தாளில் காணியை வரைந்து, தண்ணீரின் வழியை முதலில் கோடிடுங்கள். குழி, வீடு, பத்து வருடத்தில் வரப்போகும் அறை, கறிக்கான பாத்தி என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். மனைவியும் பாட்டியும் பேசி முடிக்குமுன் அந்தத் தாளை மடிக்காதீர்கள். அடுத்து, அதே தாளோடு மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கையில் உறுதி இல்லாத காணியில் யாரும் பலா நடமாட்டார்கள்; நாளைக்குப் பறிக்கக்கூடிய கீரையைத்தான் போடுவார்கள். எல்லை போட்டு, இருவர் பெயரும் எழுதி, பதிவு செய்த உறுதியைக் கொடுங்கள். ஏழா பத்தா என்ற பேச்சோடு நிறுத்தாமல், பொதுக் கானுக்கும் பாதைக்கும் புல்லுக்கும் விளையாட்டிடத்துக்கும் காணி ஒதுக்குங்கள். பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளிலும் செலவு செய்ய 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தக் காசில் முதலில் கான்கள் கட்டப்படட்டும்.

எமது போன்ற நிறுவனங்களுக்கும் பங்குகளுக்கும் நான் சொல்லக்கூடியது, கன்றுகளை வண்டியில் ஏற்றுமுன் போய் உட்கார்ந்து கேளுங்கள் என்பதே.

ஹப்புத்தளைக்குக் கீழே அந்தக் குடும்பம் இன்னும் கடை போடவில்லை. போன மாதம் அந்த வழியால் போனபோது, தாயும் மகனும் மேல் வீட்டுக்காரரோடு சேர்ந்து பழைய கானில் இருந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கயிறு கானுக்கு இந்தப் பக்கம் இரண்டடி தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. "ரெண்டடி போச்சு சாமி" என்றார் தகப்பன். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.